தரவைக்குப் படம் போடுவதில்லை

வன்னியில் முதிரைக் குற்றி கடத்துகிறவரைப் பிடித்தால் பத்திரிகையில் படம் வரும். பின்னால் குற்றிகள், முன்னால் தலையைக் குனிந்தபடி ஒருவர், இரண்டு பக்கமும் காக்கிச்சட்டை. தரவையை வளைத்துப் போட்டவர் அப்படி நின்ற படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் கையில் அநேகமாக ஒரு கடிதம் இருக்கும், அதில் முத்திரையும் இருக்கும்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். தரவை என்பது காட்டுக்கும் வயலுக்கும் நடுவிலோ, வயலுக்கும் களப்புக்கும் நடுவிலோ கிடக்கிற வெளி. புல், இடையிடையே பற்றை, மாரியில் கணுக்கால் அளவு தண்ணீர், சோளகம் பிடித்தால் வெடித்துக் கிடக்கும் தரை. படம் எடுத்தால் ஒன்றும் இருக்காது. ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில் சித்திரப் போட்டி வைப்பார்கள். உருகுகிற பனியில் கரடி நிற்கும், அமேசன் எரியும், பவளப்பாறை வெளுக்கும். பாலை மரத்தையே யாரும் வரைவதில்லை, தரவையை எங்கே வரையப் போகிறார்கள்?

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. உலகமும் அப்படித்தான் பார்க்கிறது. பிரேசிலில் அமேசனுக்குப் பக்கத்தில் செராடோ என்றொரு புல்வெளி இருக்கிறது. கோணல்மாணலான மரங்கள், உயரப் புல், நிலத்துக்கு மேலே தெரிவதைவிட நிலத்துக்குள் அதிகம் இறங்கிய வேர்கள். பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். பிரேசிலின் பெரிய ஆறுகள் பலவற்றுக்கு ஊற்று அங்கேதான். அதில் பாதி ஏற்கெனவே சோயாவுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் போய்விட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி அமேசன் காட்டில் காணி வைத்திருப்பவர் 80 வீதத்தைக் காடாகவே விடவேண்டும். செராடோவின் பெரும்பகுதியில் 20 வீதம் விட்டால் போதும். 2023இல் அமேசனில் காடழிப்புக் குறைந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆண்டு செராடோவில் அழிந்த பரப்பு அமேசனில் அழிந்ததைவிட அதிகம். அதற்கு அவ்வளவு பெரிய எழுத்தில் தலைப்புப் போடவில்லை.

மழைக்காட்டுக்கு இருக்கிற பெயர் வறண்ட காட்டுக்கு இல்லை, பவளப்பாறைக்கு இருக்கிற பெயர் கடற்புல்லுக்கு இல்லை. வாழிடங்கள் அழிகின்றன என்று பேசும்போது நாங்கள் பெயர்பெற்ற நாலைந்து இடங்களைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறோம். ஆனால் நிலம் கைமாறுவது பெரும்பாலும் பெயரில்லாத விளிம்புகளில். வன்னியில் இருந்துகொண்டு பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

வன்னிக் காடே உலகக் கணக்கில் இரண்டாந்தரம்தான். இது மழைக்காடு இல்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டுகிற மழையை வைத்துக்கொண்டு மிச்ச மாதங்களைத் தள்ளுகிற காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, ஆற்றோரம் போனால் மருது. எல்லாம் மெதுவாக வளர்கிறவை. முதிரை ஒன்று தளபாடம் செய்யும் பருமனுக்கு வர ஒரு மனிதனின் ஆயுள் போதாது. பாலை பழுக்கிற காலத்தில் காட்டுக்குள் ஒரு திருவிழாவே நடக்கும். இருவாய்ச்சி மேலே, குரங்கு நடுவில், கரடியும் மனிதரும் கீழே. கரடி பழத்தில் மும்முரமாக இருக்கும்போது எதிரே போய் நின்ற கதையும், அதற்குச் சாட்சியாக முகத்தில் தழும்பும் இல்லாத ஊர் இங்கே குறைவு. பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது, ஆனாலும் கை நிற்காது.

டானியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர், வெப்பமண்டலப் பெருவாழிடங்களில் மிக அதிக ஆபத்தில் இருப்பது இந்த வகை வறண்ட காடுதான் என்று 1988இல் எழுதினார். மத்திய அமெரிக்காவின் பசுபிக் கரையில் இருந்த அப்படிப்பட்ட காட்டில் கெடாமல் மிஞ்சியது 2 வீதத்துக்கும் குறைவு என்பது அவர் சொன்ன கணக்கு. காரணம் எளிது. மனிதருக்குப் பிடித்த நிலம் அதுதான். நோய் குறைவு, மண் நல்லது, கோடையில் தீ வைத்தால் ஒரே நாளில் வெளியாகிவிடும்.

சரி, தரவைக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர்களுக்குக் காலபோகம் வந்தால் தலையிடி. வயலெல்லாம் நெல். அறுவடை முடிந்து ஒட்டுக்குள் மாடு இறங்கும் வரை, அதாவது மாசி பங்குனி வரை, பட்டியை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். முன்பு அதற்குத்தான் தரவை. மாரியில் புல் முளைப்பதும் அங்கேதான், மாட்டுக்கு இடம் தேவைப்படுவதும் அப்போதுதான், இரண்டும் கணக்காகப் பொருந்தியது. இப்போது தரவையில் பாதி வயல், மிச்சத்தில் பாதி யாரோ எடுத்த குத்தகை. எனக்குத் தெரிந்த பட்டிக்காரப் பெரியவர் ஒருவரிடம், "என்ன பெரியையா, மாடெல்லாத்தையும் வித்துப்போட்டியளாம்?" என்று கேட்டேன். "பாதி இருக்கு தம்பி. காட்டுக்கை விட்டால் வனத் திணைக்களக்காரர் பிடிப்பாங்கள், வயலுக்கை இறங்கினால் கமக்காரன் கட்டிவைப்பான். இனி ஆகாயத்திலதான் மேய்க்கோணும்" என்றார். மேய்ச்சல் தரவையை அளந்து ஒதுக்கித் தாருங்கள் என்று வடக்கிலும் கிழக்கிலும் பட்டிக்காரர் கேட்டுக்கேட்டுக் களைத்துப் போயிருக்கிறார்கள்.

மாடு மட்டும் என்றால் இதைக் கால்நடைப் பிரச்சினை என்று சொல்லி விட்டுவிடலாம். அதே தரவையில்தான் ஆட்காட்டி முட்டையிடுகிறது, முயல் ஒதுங்குகிறது, மாலையில் மான் வெளியே வருகிறது. மாரித் தண்ணீர் அதில் படர்ந்து நின்று மெல்ல இறங்குவதால்தான் பக்கத்துக் கிணறுகள் வைகாசி வரை தாங்குகின்றன. இவை எந்தக் கந்தோர்ப் பதிவிலும் வராது.

பதிவில் எப்படி வரும்? இந்தப் பார்வையின் வேர் 1840இல் இருக்கிறது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடாமலோ கிடக்கிற நிலமெல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரிய நிலம் என்றது. மலைநாட்டில் கோப்பிக்குக் காணி எடுக்கச் செய்த சட்டம். 1897இல் தரிசு நிலங்களுக்கென்றே தனியாக ஒரு சட்டமும் வந்தது. சேனை வெட்டிவிட்டு மண் ஆற விட்ட நிலமும், மாடு மேய்கிற வெளியும் தாளில் ஒரே மாதிரி: ஆளில்லாத நிலம். வெள்ளைக்காரன் போனான், அந்தத் தாள் போகவில்லை. 2001இல் வந்த ஒரு சுற்றறிக்கை, எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேராத 'ஏனைய அரச காடுகளை' வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, பயிர்ச்செய்கைக்குப் பகிரும் அதிகாரத்தை மாவட்ட, பிரதேச செயலகங்களுக்குக் கொடுத்தார்கள். ஏனைய என்ற அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது? பற்றைக்காடு, பழைய சேனை, காட்டோரம். நான் பேசுகிற விளிம்பு முழுக்க அதற்குள்தான்.

யானைக்குப் பிடித்த இடமும் அதுதான் என்பது பலருக்குத் தெரியாது. உயர்ந்த பழங்காட்டுக்குள் யானைக்கு எட்டுகிற தீன் குறைவு. புல்லும் இளம் கொப்பும் உள்ள பற்றை நிலம்தான் அதற்குச் சாப்பாட்டுக் கடை. இலங்கையில் யானை நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். யானையைக் காட்டுக்குள் துரத்தி மின்வேலி போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிற கணக்குப் பிழைப்பது அங்கேதான். வேலிக்கு உள்ளே அதற்குப் போதிய தீன் இல்லை. வெளியே இருந்த பற்றையை நாங்கள் தென்னங்காணி ஆக்கிவிட்டோம். பிறகு இரவிரவாக யானைவெடி கொளுத்துகிறோம். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்தவை 5,879 யானைகள். 2023இல் மட்டும் 400க்கு மேல் இறந்தன. அதே ஆண்டு யானையால் இறந்த மனிதரும் நூற்றுக்கு மேல். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளையை ஒரே இரவில் இழந்தவரிடம் போய் யானையின் உரிமை பற்றிப் பேச எனக்கு வாய் வராது. யாருக்காவது வந்தால் அவர் வன்னியில் காணி இல்லாதவர்.

காட்டின் கதையில் எங்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். போரில் ஊர்கள் காலியாயின. சில ஊர்களுக்கு ஆட்கள் திரும்ப இருபது, இருபத்தைந்து வருடமானது. திரும்பியபோது வயலுக்குள் மரம், முற்றத்தில் மரம், கிணற்றுக்குள் மரம். மரத்தைப் பார்த்தால் காடு, உறுதியைப் பார்த்தால் காணி. வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட இடங்களும், போட்ட கல்லை எதிர்த்துச் சனம் நின்ற இடங்களும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஒன்றிரண்டு அல்ல. வெளியிலிருந்து செய்மதிப் படத்தில் பார்க்கிறவர் வன்னியில் காடு கூடியது என்று மகிழலாம். கூடியது உண்மை. அது யாருடைய வீட்டுக்கு மேல் கூடியது என்பது படத்தில் தெரியாது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைப் பாதுகாப்பதென்று உடன்பட்டன. இலக்கு நல்லது. ஆனால் அந்த 30 வீதத்தை நிரப்ப ஆளில்லாத இடம் தேடினால், பெரும்பாலும் ஆட்கள் துரத்தப்பட்ட இடம்தான் அகப்படும்.

குளங்களுக்கும் இப்படியொரு விளிம்பு உண்டு. குளக்கட்டை எல்லோருக்கும் தெரியும், வான் பாய்ந்தால் பார்க்கக் குடும்பத்தோடு போவோம். கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரையை யார் பார்க்கிறார்கள்? ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்கும்படி சிறுகுளங்களைத் தொடராக அமைத்த முறைக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபு என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அந்த முறையில் அலைகரை மரமும் புல்லும் வெறும் அழகுக்கு இல்லை. மேட்டிலிருந்து வருகிற வண்டலை அவை மறித்துக்கொள்ளும், காற்றை உடைத்து ஆவியாவதைக் குறைக்கும். அந்தக் கரையை வெட்டி நெல்லோ கச்சானோ போட்டால் இரண்டு போகம் நல்ல விளைச்சல், பிறகு குளம் மேடாகிவிடும். அப்புறம் குளத்தைத் தூர்வாரப் பணம் கேட்டு எழுதுவோம். பல குளங்களில் நடந்தது இதுதான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது எல்லோரும் இரணைமடுக் குளத்தின் கதவுகளைப் பற்றியே பேசினோம். மேலே தண்ணீரைத் தாமதிக்க வைத்த நிலமெல்லாம் எங்கே போயின என்று பேசியவர் குறைவு.

ஆற்று மணலும் அப்படித்தான். பாலியாறு, பேராறு, கனகராயன் ஆறு, எங்கே போனாலும் இரவில் டிப்பர். மணல் போனால் ஆற்றுப் படுகை தாழும், கரை இடியும், மருது சாயும், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும். ஆனால் இதில் கொள்ளைக்காரர் மட்டும்தான் குற்றவாளி என்று எழுதிவிட்டால் என் மருமகன் சிரிப்பான். அவனும் டிப்பர் ஓட்டியவன். "மாமா, வீடு கட்டேக்கை மணல் எங்காலை வந்தது எண்டு ஆரும் கேக்கேல்லை" என்பான். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். வீதிகள், பாலங்கள், பள்ளிக்கூடங்கள் வேறு. எல்லாம் வேண்டியவை. அந்த மணலுக்கும் கிரவலுக்கும் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று ஒரு திட்டம் இருந்திருந்தால் இவ்வளவு இழக்கத் தேவையில்லை.

ஆறு முடிகிற இடத்தில் கதை இன்னும் மோசம். கனகராயன் ஆறு இரணைமடு வழியாகச் சுண்டிக்குளம் பக்கத்துக் களப்பில் விழுகிறது. பேராறு முத்தையன்கட்டுக் குளத்தைத் தாண்டி நந்திக்கடலுக்கு வருகிறது. எங்கள் அரசியல்வாதிகளுக்குப் பிடித்த ஒரு வசனம் உண்டு: இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே! களப்பில் தொழில் செய்கிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். மாரித் தண்ணீர் வந்து களப்பு நிரம்பவேண்டும், முகத்துவாரம் வெட்டுப்பட வேண்டும், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே ஏறவேண்டும். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்து நிற்கிற அந்தச் சில மாதத்தில்தான் அது வளரும். நந்திக்கடல் இறாலின் ருசி அந்தக் கலப்பில் இருக்கிறது. (அதன் கரையில்தான் வற்றாப்பளை அம்மன். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிகிற கோவில். கடல்நீரை வீண் என்று நினைக்காத ஒரு இடமாவது இருக்கிறதே.) நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் போட்டார்கள். சுண்டிக்குளம் 1938இலிருந்தே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. தாளில் குறையில்லை.

தாள் எவ்வளவு உறுதி என்பதற்கு விடத்தல்தீவு. மன்னார்க் கரையில் கண்டலும் கடற்புல்லும் சேறுமாகக் கிடக்கிற 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு, 2016இல் இயற்கை ஒதுக்கிடம் ஆனது. கடற்பசு மேய்கிற கடல். எட்டு வருடம் கழித்து, 2024 மே மாதத்தில், நீருயிர் வளர்ப்புக்கென்று 168 ஹெக்டேயரை அதிலிருந்து கழற்றி வர்த்தமானி வந்தது. சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. 168 ஹெக்டேயர் என்ன பெரிய பரப்பா என்று கேட்கலாம். புத்தளம், சிலாபம் பக்கம் போய்ப் பாருங்கள். 1980களில் தொடங்கிக் கண்டல் வெட்டி இறால் பண்ணை போட்டார்கள், வெண்புள்ளி நோய் வந்தது, பெருவாரியான குளங்களைக் கைவிட்டுப் போனார்கள். இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. கடற்புல் கதையும் அதேதான். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் 2022இல் சிறுதொழில் செய்கிறவர்கள் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகக் குந்தியிருந்தது, இடுப்பளவுத் தண்ணீரில் தாங்கள் நடந்து தொழில் செய்த கடல் வேலிக்குள் போனதால்.

எனக்கு மிகச் சிக்கலான இடம் மன்னார்த் தீவு. 2020 டிசம்பரில் அங்கே 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட் மின்சாரம். நிலக்கரியை எரிப்பதைவிடக் காற்று நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பறவைகளின் மத்திய ஆசிய வலசைப் பாதை வந்து முடிகிற முனையும் அதுதான். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பூட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்த் திரும்பியது. பக்கத்து வங்காலையில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் இறங்குகிற 4,839 ஹெக்டேயர் சேற்றுநிலம் 2010 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிறது. இன்னும் காற்றாலைகள் வரப் போகின்றன என்றபோது, 2025இல் மன்னார்ச் சனம் வாரக்கணக்கில் வீதியில் நின்றது. பறவைக்காக மட்டும் இல்லை. மழைத்தண்ணீர் ஓடுகிற வழி அடைபடுகிறது, கனிய மணலையும் கிண்டப் பார்க்கிறார்கள் என்பதற்காகவும்தான். இராஜஸ்தான் வெளிகளில் கானமயிலுக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த இனத்தில் மிஞ்சியவை 150க்கும் குறைவு, அது வாழ்கிற புல்வெளிதான் சூரிய மின்சாரத்துக்கு வசதியான வெற்றிடம். மின்கம்பியில் மோதிச் சாகிறது. ஆலை வேண்டாம் என்பது என் வாதமில்லை. எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் இந்தச் சேறும் வெளியும்தானா என்று கேட்கிறேன். 1970க்கும் 2015க்கும் இடையில் உலகின் ஈரநிலங்களில் 35 வீதம் போய்விட்டது என்கிறது ராம்சார் அமைப்பு. காடு அழிகிற வேகத்தைப் போல் மூன்று மடங்கு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஜான்சனைச் சொன்னேனே, அவரும் அவர் மனைவி வின்னி ஹால்வாக்ஸும் கொஸ்தா ரிக்காவின் குவானகாஸ்தேயில் பழைய மாட்டுப் பண்ணைகளை வாங்கி, பெரிதாக மரம் நடாமல், முதலில் தீயை மட்டும் நிறுத்தினார்கள். உள்ளூர்க் காரரையே தீ காக்கிற வேலைக்கு எடுத்தார்கள். காற்றும் விலங்கும் விதை கொண்டுவந்தன. தொடக்கத்தில் புல் உயராமல் மாட்டையே மேயவும் விட்டார்கள். காடு திரும்பியது. வறண்ட காட்டுக்கு அந்தத் தெம்பு உண்டு, எங்கள் வயல்களுக்குள் நாங்களே பார்த்ததுதானே. அதனால் மரநடுகை விழா என்று தரவையில் தேக்கு நடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. தேக்கின் கீழே புல்லும் சரியாக வராது, மாடும் போகாது. தரவைக்கு இப்போது வேண்டியது மரம் இல்லை. பார்த்தீனியம் பிடுங்கவேண்டும். இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வவுனியாவுக்கு வந்து பரவியது என்று சொல்கிற அந்தச் செடி, மாடு தின்னாத ஒன்று, புல்லை அமுக்கிக்கொண்டு போகிறது. அதைவிட முக்கியம், எது தரவை என்று வரைபடத்தில் கோடு போடவேண்டும்.

எங்கள் கமக்காரர் அமைப்பும் பட்டிக்காரரும் இதற்கு முன் ஒரே பக்கம் நின்றதில்லை. இந்தமுறை சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அலைகரையையும் தரவையையும் இந்த மாரிக்கு முன் அளந்து, அங்கே மேய்ச்சலும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை என்று பதிந்து, எல்லைக்கல் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆள் போதாது, அளவையாளர் இல்லை, அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்று பல காரணம் வரக்கூடும். கல்லுக்குத் தட்டுப்பாடு என்று மட்டும் சொல்லமுடியாது.